திடலில் பிறந்த திறனாய்வு

தமிழில் திறனாய்வு வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுந்தோர் நூல்களையும் இதழ்களையுமே சான்றாகக் கொண்டனர். அது இயல்பே. ஏட்டில் ஏறியது நிற்கும். வாயில் பிறந்தது காற்றோடு போகும். ஆயினும், ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் படம் பார்த்துத் திரும்பிய பால்மரத் தொழிலாளர் அப்படத்தைப் பற்றித் தம்முள் பேசிக்கொண்ட பேச்சுக்கு அவ்வரலாற்றில் இடம் உண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்பேச்சைப் பேசியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இடம் உண்டு என்பதே என் துணிபு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வரைந்த இளம்பூரணர், செயிற்றியம் என்னும் மறைந்துபோன நாடக நூலின் கருத்தொன்றை எடுத்துக் காட்டுகிறார். நடிப்போன் செய்தது காண்போரிடம் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். வகுப்பறையில் நாம் விரைந்து கடக்கும் இடம் இது. சற்று நின்று நோக்கினால், சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல வல்லவன் காண்போன் ஒருவனே என்பது புலனாகும். அவன் என்ன சொன்னான் என்பதைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தவை உண்டு. அவை எழுத்தாளர் கருத்துகள். முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. அதற்குப்பின் சில ஆண்டுகளிலேயே கல்கி அவர்கள் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனின் ‘ஆடல் பாடல்’ பகுதியில் படங்களை அலசத் தொடங்கிவிட்டார். கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்று நடித்த நந்தனார் 1935இல் வந்தபோது, அப்பெரும் பெயருக்கும் பெரும் பணத்துக்கும் அஞ்சாமல் அதனைக் கடிந்து எழுதினார். 1942இல் ‘பேசும் படம்’ தோன்றியது. ‘குண்டூசி’யின் கேள்வி-பதில் பகுதிக்கெனவே அவ்விதழை வாங்கியோர் பலர். அங்கேயும் வாசகனுக்குக் கிடைத்தது கேள்வி கேட்கும் இடந்தான். தீர்ப்புச் சொன்னவர் ஆசிரியர்.

மலாயாவில் நிலைமை வேறு. இங்கே காண்போனுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி உண்டு என்பதையே ஆண்டவர்கள் நம்பவில்லை. நைஜீரியாவில் சுகாதாரப் படங்கள் காட்டிய வில்லியம் செல்லர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி, 1939இல் அமைந்த குடியேற்ற நாட்டுப் படப்பிரிவின் தலைவர். 1941இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். எழுத்தறிவற்ற மக்களுக்குப் படம் மெதுவாக நகர வேண்டும், காட்சி சட்டென்று மாறலாகாது, அண்மைக் காட்சிகள் அவர்களைக் குழப்பும் என்பது அவர் கொள்கை. ஆப்பிரிக்காவை எண்ணி எழுதிய அக்கருத்தின் நிழல் பேரரசின் பிற நாடுகளிலும் படிந்தது. 1946இல் மலாயாப் படப்பிரிவு தோன்றியது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, தகவல் இலாகாவின் படவண்டிகள் மின்னாக்கியும் ஒலிபெருக்கியும் வெண்திரையும் ஏற்றிக்கொண்டு முள்வேலிக்குள் அடைபட்ட தோட்டங்களை நாடிச் சென்றன. காட்சிக்கு இடையே அதிகாரி ஒருவர் தமிழில் விளக்கம் சொல்வார். விளக்கம் கேட்டு அமர்ந்திருந்தோரில் பலர், அதற்கு முன்பே பட்டணத்துக் கொட்டகையில் தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸைப் பார்த்துப் பாட்டுப் புத்தகத்தையும் வாங்கி மனனம் செய்தவர்கள்! காட்சி மாற்றம் அவர்களுக்குப் புதிரா என்ன?

இனி, நான் கண்டதைச் சொல்லுகிறேன். 1980ஆம் ஆண்டை ஒட்டிய காலம். குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நான் பள்ளிச் சிறுவன். திருவிழாவை முன்னிட்டோ, மாதச் சம்பளத்தை அடுத்தோ, திடலில் இரு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாயும் பலகையுமாக மாலை ஆறு மணிக்கே இடம் பிடித்துவிடுவோம். துணிக்குப் பின்புறம் அமர்ந்து பார்ப்போரும் உண்டு. அவர்களுக்குக் கதாநாயகன் இடக்கையால் சண்டையிடுவான். எழுத்தெல்லாம் தலைகீழ்ப் பக்கமாக ஓடும்.

காட்டும் பொறி ஒன்றே. பதினாறு மில்லிமீட்டர்ச் சுருள் பெரியது 1600 அடி. நிமிடத்துக்கு 36 அடி ஓடினால் முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாகவே முடிந்துவிடும். ஆகவே முழுப் படம் ஒன்றுக்கு மூன்று முறையேனும் திரை இருண்டு, மஞ்சள் விளக்கு எரியும். அடுத்த சுருள் மாட்டும் வரை ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, கச்சாங் பூத்தேப் பொட்டலங்களோடு பேச்சும் கைமாறும். இதுவரை நடந்தது சரியா, இனி என்ன நடக்கும், எப்படி நடக்க வேண்டும் என்பதே பேச்சு. கதை முடியும் முன்பே கதையை எடைபோடும் இந்த வாய்ப்பு, இரு பொறி வைத்திருந்த பட்டணத்துக் கொட்டகையில் ஓர் இடைவேளைக்கு மேல் கிடைப்பதில்லை. பொறியின் குறை எங்களுக்கு நிறையாயிற்று.

அவ்வாறு நாங்கள் பார்த்த படங்களுள் மகேந்திரன் இயக்கி 1978இல் வெளிவந்த முள்ளும் மலரும் ஒன்று. உமாசந்திரன் எழுதிய நாவலைத் தழுவியது. மின்நிலையத்தில் விஞ்சு இயக்கும் காளி முரடன். தங்கை வள்ளிமேல் உயிரையே வைத்திருப்பவன். புதிதாக வந்த பொறியாளர் அவனைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்துகிறார். குடித்துவிட்டுச் சாலையில் விழுந்து கிடந்தவன்மேல் லாரி ஏறி ஒரு கை போய்விடுகிறது. அந்த இடத்தில் சுருள் முடிந்ததோ, மறுநாள்தான் பேச்சு மூண்டதோ, நினைவில்லை. மறுநாள் பால் நிறுக்கும் கொட்டகையில் மூண்ட வழக்கு மட்டும் அப்படியே நெஞ்சில் நிற்கிறது.

தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் முதலில் பேசினார். “வேலை நேரத்துல போன கையா அது? குடிச்சிட்டு ரோட்டுல படுத்தவன் கை. எந்தச் சட்டம் அவனுக்கு நட்டஈடு கொடுக்கும்?”

பால்வாளியை இறக்கி வைத்த இளைஞர் ஒருவர், “குடிக்க வச்சது யாரு அண்ணே? வேலைய நிறுத்துன அந்தத் துரைதானே? கை போனதுக்கு ஆரம்பம் எதுன்னு பாக்க வேணாமா?” என்றார்.

“துரைய ஏன் இழுக்கிற? நம்ம மண்டோரு செய்யாததையா அவரு செஞ்சாரு?” என்றது ஒரு குரல். மண்டோர் அங்கேதான் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள்; அவரும் சிரித்தார் என்றுதான் நினைவு.

வரிசையின் கடைசியில் நின்ற மூதாட்டி ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. “அவன் கை கெடக்கட்டும். கட்டிக்கப் போறவ அந்தப் புள்ள. அவ அண்ணன விட்டுப் போகமாட்டேன்னு ஓடி வந்தப்புறந்தானே அவன் மனசு எறங்குது? அதுக்கு முன்னாடி எறங்கக் கூடாதா? விட்டுக் கொடுத்தான், விட்டுக் கொடுத்தான்னு கைதட்டுறீங்களே, அவ என்ன அவன் வீட்டு ஆடா?” என்றார். அதற்கு மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லை. கிராணி மட்டும் தம் பேரேட்டைப் புரட்டிக்கொண்டே, “பாட்டி, உங்க பால் எத்தன கிலோ?” என்றார்.

சில ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் திறனாய்வுக் கொள்கைகளைப் படித்தபோது, காரண காரியத் தொடர்பு என்றும், பாத்திரப் பண்பு என்றும், முடிவின் பொருத்தம் என்றும் விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதினார். எனக்கு அந்த மூவரின் முகங்களே தோன்றின. இளைஞர் கேட்டது காரணம். மூதாட்டி கேட்டது முடிவின் நேர்மை. செயலாளரோ சட்டத்தை உரைகல்லாகக் கொண்டார். படத்திலுள்ள தொழிலாளியைத் தம் சங்க உறுப்பினராகவே எண்ணி வழக்காடினார் எனல் மிகையன்று.

செய்தொழில் நுட்பத்திலும் அவர்கள் கண் கூர்மையானது. கதாநாயகி இடுப்புக் குடத்தோடு துள்ளி வந்தால், “வெறுங்குடம்!” என்று பெண்கள் பகுதியிலிருந்து குரல் எழும். நாள்தோறும் குழாயடியில் நீர் சுமந்தவர்களுக்கு நிறைகுடத்தின் நடை தெரியாதா? செல்லர்ஸ் துரை அத்திடலில் ஒரு மாலை அமர்ந்திருக்கலாம்.

எல்லாப் பேச்சும் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று பிரிந்து ஒரு லயத்தார் மற்றொரு லயத்தாரோடு முகம் கொடுத்துப் பேசாத காலமும் இருந்தது. கறுத்த பெண்ணை நகைப்புக்கு ஆளாக்கும் காட்சிக்கு, கறுத்த முகங்களே விழுந்து விழுந்து சிரித்ததையும் கண்டிருக்கிறேன். ஆனால் அதைக் கண்டித்த குரலும் அதே திடலில்தான் எழுந்தது.

பிறகு பேச்சின் வட்டம் சுருங்கியது. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியிலும், மலாயா மண்ணில் அவ்வாண்டு டிசம்பர் 28இலும் தொலைக்காட்சி தொடங்கியது. தென் ஜொகூரில் உயர்ந்த கம்பம் நாட்டியவர்க்கு இரு நாட்டு நிகழ்ச்சியும் கிடைத்தது. தொடக்கத்தில் பெட்டி வைத்திருந்த வீட்டின் வாசலே சிறு திடலாயிற்று. 1980ஆம் ஆண்டுகளில் வீடியோ நாடா வந்தது. பெட்டி வீட்டுக்கு வீடு வந்தது. ரப்பர் அழிந்து செம்பனை எழுந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயத்து மக்கள் தாமான்களுக்குச் சிதறினர். இவற்றுள் பேச்சை மிகுதியும் குலைத்தது எது என்று கேட்டால், தொலைக்காட்சியைப் பழிப்பது எளிது. நான் லயம் கலைந்ததையே சொல்வேன். காலையில் ஒரே கொட்டகையில் பால் நிறுக்க நிற்க வேண்டியிருந்ததால்தான் முதல் நாள் கண்டதை மறுநாள் பேச முடிந்தது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் கதையைச் சஞ்சய் குமார் பெருமாள் ‘ஜகாட்’ என்னும் படமாக்கி 2015இல் வெளியிட்டார். தேசிய மொழியல்லாத படங்களைத் தனிப்பிரிவில் வைப்பது முறையா என்று 2016இல் எழுந்த பெருவாதத்துக்கு நடுவில், அது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வாதம் நாளேடுகளில் இருக்கிறது. அப்படத்தைப் பார்த்த பழைய தோட்டத்து மக்கள் தம்முள் என்ன பேசினர் என்பது எந்த ஏட்டில் இருக்கிறது?

அதனால் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம், திடலில் பார்த்த படம் ஒன்றைப் பற்றி அன்று நடந்த வாக்குவாதத்தைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வர வேண்டும். பதினொரு தாள்கள் வந்தன. சிலவற்றில் படத்தின் பெயர் தவறு. ஒன்றில் இரு படங்கள் கலந்துவிட்டன. ஆனால் யார் யாரோடு வாதாடினார், எதற்காக என்பதை ஒரு தாளும் மறக்கவில்லை. அந்தக் கிளைச் செயலாளரை அண்மையில் கோயில் விழாவில் கண்டு, காளியின் கையைப் பற்றி நானே மறுபடி கேட்டேன். எண்பதைக் கடந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நட்டஈடு கெடையாது தம்பி. ஆனா அந்தக் கிழவி கேட்டதுக்கு இன்னும் எங்கிட்ட பதில் இல்ல.”