கூப்பர் பிளாக்

கூப்பர் பிளாக், விளம்பரத் தலைப்புகளுக்காக அமெரிக்காவின் சிகாகோ நகரில் உருவாகி, 1922இல் விற்பனைக்கு வந்த மிகத் தடித்த ஆங்கில எழுத்துரு. இதை வரைந்தவர் ஆஸ்வால்டு புரூஸ் கூப்பர் (1879–1940).

ஒஹாயோவில் பிறந்து கான்சாஸில் வளர்ந்த கூப்பர், சித்திரக்காரராகும் ஆசையில் சிகாகோவுக்கு வந்து பிராங்க் ஹோமின் பள்ளியில் சேர்ந்தார். அங்கே எழுத்துருக் கலைஞர் பிரெடரிக் கௌடியிடம் பாடம் கேட்டபோது, சித்திரத்தைவிட எழுத்துதான் அவருக்குக் கைவந்தது. 1904இல் பிரெட் பெர்ட்ச்சுடன் கூட்டுச் சேர்ந்து விளம்பர நிறுவனம் தொடங்கினார். பேக்கார்டு கார் விளம்பரங்களுக்கு அவர் கையால் எழுதிய எழுத்து அவ்வளவு பிடித்துப்போய், அமெரிக்கன் டைப் பவுண்டர்ஸ் என்ற எழுத்து வார்ப்பகம் 1913இல் அதை அச்செழுத்தாகவே வார்த்தது.

பிறகு பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் வார்ப்பகத்துக்காக கூப்பர் ஓல்டு ஸ்டைலை வரைந்தார். அதைக் கொழுக்கவைத்ததே கூப்பர் பிளாக். இதில் கூர்முனையே கிடையாது. எழுத்தின் அடிக்கட்டைகள் (செரிஃப்) நேர்க்கோட்டில் வெட்டுப்படாமல் உருண்டு முடிகின்றன. 'ஓ' எழுத்தின் உள்துளை சிறுத்து, இடப்பக்கமாகப் பின்சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வுதான் இத்தனை கருப்புக்கும் ஓர் அசைவைத் தருகிறது. அதை நிமிர்த்திவிட்டால் எழுத்து வெறும் கரிக்கட்டை. இந்த உருண்டை வடிவம் அழகுக்காக மட்டுமல்ல. மெல்லிய நுனி இல்லாததால் ஈய எழுத்து எளிதில் உடையாது. மட்டமான தாளில் மை சற்றுப் பரவினாலும் உருவம் கெடாது.

பழமை பேணிய அச்சுக்கலைஞர்கள் முகம் சுளித்தார்கள். விளம்பரதாரர்களோ விரும்பி வாங்கினார்கள். போட்டி நிறுவனங்கள் ஆளுக்கொரு தடித்த எழுத்தைக் கொண்டுவர, லான்ஸ்டன் மோனோடைப்புக்காக கௌடியே ஹெவிஃபேஸ் வரையவேண்டி வந்தது. மாணவர் போட்ட பாதையில் ஆசிரியர் நடந்த கதை அது.

1933இல் பார்ன்ஹார்ட் வார்ப்பகம் மூடப்பட்டது, எழுத்து நிலைத்தது. 1960களில் ஒளி அச்சுக்கோப்பும் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களும் பரவியபோது அதற்கு மறுவாழ்வு வந்தது. ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டைக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஒளி அச்சுக்கோப்பின் படச்சுருளிலோ எழுத்துகளை ஒன்றையொன்று உரசும்படி நெருக்கலாம். அந்த நெருக்கமே இன்று நாம் 'ரெட்ரோ' என்று அடையாளம் காணும் தோற்றம். பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) இசைத்தட்டு உறையில், பச்சைப் பட்டைமீது அதைப் பார்க்கலாம். பிபிசியின் 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் தலைப்பும், 1970களின் டி-ஷர்ட்டுகளில் இஸ்திரி போட்டு ஒட்டிய பெயர்களும் இதே எழுத்தில்தான்.

1995இல் பறக்கத் தொடங்கிய ஈசிஜெட் விமான நிறுவனம் ஆரஞ்சு நிறத்தோடு கூப்பர் பிளாக்கைத் தன் முத்திரையாக்கிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வழியே அது வீட்டுக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. முழுக்கப் பெரிய எழுத்துகளில் அடித்து அதை வீணாக்குகிறவர்கள் ஏராளம். கூப்பரின் கைத்திறன் முழுதாகத் தெரிவது சிறிய எழுத்துகளில்தான்.