வானிலிருந்து ஒரு பாலை

தமிழகத்தில் பாலைவனம் இல்லை என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். சேலத்தை வானிலிருந்து காண்போருக்கு அப்பாடம் சற்றே ஆட்டம் காணும். 1993இல் தொடங்கிப் பலமுறை நின்றுபோன விமானப் போக்குவரத்து, காமலாபுரம் நிலையத்தில் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. வானம் தெளிந்த நாளில் மேலிருந்து நோக்கினால், செவ்வாய்ப்பேட்டையின் மண்டிகளும் நெருங்கிய கூரைகளும் கையளவாகச் சுருங்கிவிடுகின்றன. வடக்கே சேர்வராயன் மலை கருநீலமாக நிற்கிறது. அதன் அடிவாரத்தில், நகருக்கும் ஓமலூருக்கும் இடையே, பசுமையற்ற வெண்ணிற நிலம் மேடும் பள்ளமுமாக விரிகிறது. மணல் நாட்டு நகரமொன்றின்மீது பறக்கிறோமோ என்னும் மயக்கம் நமக்கு உண்டாகிறது.

இக்குன்றுகளை ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்றனர். வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் 1864இல் வெளியிட்ட நிலவியல் அறிக்கையிலும் இவை இடம்பெற்றன. உண்மையில் இது சுண்ணமன்று, மேக்னசைட். உள்ளூர் வழக்கில் வெள்ளைக்கல். மக்னீசியம் மிகுந்த பழம்பாறை, நீராலும் கரியமில வாயுவாலும் நெடுங்காலம் சிதைந்து, அதன் வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாக இக்கல் படிந்தது. கடும் வெப்பத்தைத் தாங்குவதால் எஃகு உலைகளின் உட்சுவருக்கு இது வேண்டியதாயிற்று. தமிழ்நாடு அரசும் 1979இல் இதற்கெனத் தனி நிறுவனம் கண்டது. இரயில் நிலையமொன்றே 'மேக்னசைட் சந்திப்பு' எனப் பெயர் பெற்றது. நரம்பை எடுக்கப் பாறை முழுவதையும் உடைக்க வேண்டும். உடைத்த கழிவே இன்று குன்றாக நிற்கிறது.

நம் இலக்கண மரபு இக்காட்சிக்கு ஒரு விளக்கம் தருகிறது. தொல்காப்பியர் நால்வகை நிலத்துக்கே தெய்வம் கூறினார். பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்கிறார் இளங்கோவடிகள். அவ்வாறெனில் பாலை என்பது பிறப்பால் அமைந்த நிலமன்று, நேர்ந்த நிலை. அங்கே நிலத்தைத் திரித்தது கோடை. மழை வந்தால் அது மீளும். இங்கே திரித்தது மனிதக் கை. தோண்டிய குறிஞ்சி ஒரு மழையில் மீள்வதில்லை.

கல்லை வெட்டுவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. இதே சமவெளியின் தெற்கே, நாமக்கல் பாறையையும் உளிகள் தொட்டன. எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் அங்கே குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் இன்றும் உள்ளன, பாறையும் உள்ளது. எவ்வளவு எடுப்பது, எதை விட்டுவைப்பது என்னும் அளவு அந்த உளிக்குத் தெரிந்திருந்தது.

தரையில் செல்வோருக்கு இக்குழிகள் சாலையோர மேடுகளுக்குப் பின்னே மறைந்துவிடும். விமானம் அம்மறைவை நீக்கிவிட்டது. கழிவு மேடுகளில் மண் பரப்பி மரம் வளர்ப்பதும், குழிகளை நீர்நிலையாக்குவதும் இயலாத செயல்கள் அல்ல. பாலையைத் திணையாகப் பாடிய மொழிக்குரிய நாம், அதை நிலமாக விட்டுச்செல்ல வேண்டியதில்லை.