இரட்டை இயங்குதள நிறுவல்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, திறக்கும்போது வேண்டியதைத் தேர்ந்து இயக்கும் முறை. பேச்சுவழக்கில் டூயல் பூட்.

தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி மாணவர் பலருக்கு இது விலையில்லா மடிக்கணினி வழியாகவே அறிமுகமாயிற்று. திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா அத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் கொள்முதல் செய்த அக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கட்டற்ற மென்பொருளை எளிய வீட்டுப் பிள்ளைகளின் மேசைவரை கொண்டுசேர்த்தது பெரிய காரியம். அதைக் கற்பிக்க ஆசிரியர்களுக்கு இன்னும் பயிற்சி தந்திருக்க வேண்டும்.

நிறுவும்முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுப்பது கட்டாயம். பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியையும் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் பகுதியைச் சுருக்கி, கிடைக்கும் வெற்றிடத்தில் லினக்ஸை நிறுவலாம். விண்டோஸை முதலில் நிறுவுவதே நல்லது. பின்னால் நிறுவினால், குறிப்பாகப் பழைய பயாஸ் கணினிகளில், லினக்ஸின் துவக்க நிரலான கிரப்பை அது அழித்துவிடும்.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பேட்டரியை மாற்றத் தேவையில்லை. வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.