மலைநீரும் மனைவிளக்கும்

தெற்கே ஆனைமலைத் தொடர். வடக்கே பாலக்காட்டுக் கணவாயின் பரந்த வெளி. இவற்றினிடையே தமிழகத்தையும் கேரளத்தையும் இணைக்கும் வாயிலாக விளங்குவது மீனாட்சிபுரம். பிழைப்பை நாடி இப்பக்கம் வந்து குடியமர்ந்த நம் குடும்பங்கள் நாள்தோறும் துய்க்கும் நலன்களுள் மின்சாரமும் ஒன்று. அஃது எங்குப் பிறந்து, எவ்வழி நடந்து நம் மனையை அடைகின்றது என்பதை அறிதல் நலம்.

1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேய அறிஞர், காந்தத்தினருகே கம்பிச்சுருள் அசையுமாயின் அதில் மின்னோட்டம் தோன்றும் என்று கண்டார். அனல் நிலையமாயினும் புனல் நிலையமாயினும் இவ்வுண்மையின் மீதே நிற்கின்றது. காந்தத்தை ஓயாது சுழற்ற ஓர் ஆற்றல் வேண்டும். நிலக்கரி கிடைக்கும் நாட்டில் அது நீராவி, மலைநாட்டில் அது வீழும் நீர்.

தென்னாட்டில் இம்முயற்சிக்கு வழிகாட்டியது மைசூர் அரசு. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 90 மைல் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் என்பதை நாம் மறத்தற்கில்லை.

அடுத்து எழுந்தது நீலகிரியின் பைக்காரா. 1929-இல் தொடங்கிய பணி 1932-இல் பயன் தந்தது. 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இரும்புக் குழாய்களின் வழியே இறங்கிய நீர், அடிவாரத்துச் சிங்காரா நிலையத்தில் சக்கரங்களைச் சுழற்றியது. அம்மின்சாரம் கோவையை எட்டியதும் நூற்பாலைகள் பெருகின. கிணறுகளில் கமலை இறைத்த இடத்தில் மின்பம்புகள் ஓடின.

திருவிதாங்கூரிலோ, மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தம் தொழிற்சாலைக்கெனச் சிறு நிலையம் ஒன்றை நிறுவியிருந்தனர். பின்னர், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1940-இல் முதிரைப்புழை ஆற்று நீரால் பள்ளிவாசல் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரத்தை நம்பியே 1943-இல் ஆலுவாயில் அலுமினிய ஆலை எழுந்தது. 1976-இல் இயங்கத் தொடங்கிய இடுக்கித் திட்டம் பின்னர் 780 மெகாவாட் ஆற்றலுடைய பெருந்திட்டமாக மலர்ந்தது.

இனி, மின்சாரம் நடக்கும் வழியைக் காண்போம். நெடுந்தொலைவு செல்லும்போது கம்பி சூடேறி ஆற்றலில் ஒரு பகுதி வீணாகும். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே ஆற்றலை அனுப்ப மின்னோட்டம் பத்திலொன்று போதும். இழப்போ நூறிலொன்றாகக் குறையும். ஆதலின் மின்மாற்றிகள் அழுத்தத்தை 1,10,000, 2,20,000 வோல்ட்டு என உயர்த்திக் கோபுரக் கம்பிகளில் செலுத்துகின்றன. துணைமின் நிலையங்கள் அதனைப் படிப்படியாகத் தாழ்த்தி 11,000 வோல்ட்டாக்குகின்றன. தெருவோர மின்மாற்றி மேலும் தாழ்த்தி 230 வோல்ட்டாக நம் இல்லத்திற்கு அளிக்கின்றது.

நம் அருகிலுள்ள பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. 1961-இல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த இத்திட்டத்தில், பரம்பிக்குளத்து நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே சர்க்கார்பதிக்கு வந்து, 30 மெகாவாட் நிலையத்தை இயக்கிய பின் கால்வாயில் பாய்ந்து வயல்களை நனைக்கின்றது. அணை கேரள மண்ணில். அதனை இயக்குவது தமிழகம். 1970-இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கை, 1958 நவம்பர் முதலே நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டின் வழியே சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் உரியது. காடர்களின் வாழிடமாயிருந்த வனப்பகுதிகள் நீரில் மூழ்கியதும் இவ்வளர்ச்சியின் விலையே.

சக்கரம் நீரைக் குடிப்பதில்லை. அதன் உயரத்தை மட்டுமே வாங்கிக்கொள்கின்றது. அங்ஙனமாயின் உழவருக்கும் மின்வாரியத்திற்கும் பிணக்கு எங்ஙனம் எழும்? காலத்தால் எழுகின்றது. விளக்கு மாலையில் நீரை வேண்டும். பயிர் தன் பருவத்தில் வேண்டும். மின்சாரத்தையோ நெல்லைப்போலக் குதிரில் சேர்த்து வைத்தல் எளிதன்று. நொடிதோறும் தேவைக்கேற்பவே ஆக்கவேண்டும். இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு வழியாகவே, 1980-களின் இறுதியில் ஆழியாற்றின் மேற்புறத்தில் 400 மெகாவாட் கடம்பாறை நிலையம் அமைந்தது. தேவை குறைந்த வேளையில் கீழ்நீரை மேலேற்றி, தேவை மிகுந்த வேளையில் அதனையே இறக்கி ஒளியாக்குகின்றனர்.

3,000 அடி வீழும் நீரிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் பெற, இழப்பே இல்லையெனினும், 400 லிட்டர் நீர் வேண்டும். உயரம் குறையக் குறைய இன்னும் மிகுதியாக வேண்டும். கோடைதோறும் இவ்வெல்லையில் நீர்ப்பங்கு பற்றிய பேச்சு எழுவதை நாம் அறிவோம். அப்பேச்சில் நாம் எந்தப் பக்கத்தவர்? பிறந்த மண் ஒருபுறம், வாழ்வளிக்கும் மண் மறுபுறம். இரண்டும் நமக்கு உறவே. மாலை வேளையில் ஆளில்லா அறையின் விளக்கை அணைக்கும் இல்லத்தரசி, அணையில் சில குடம் நீரை அயலாரின் வயலுக்காகக் காத்து வைக்கிறாள். அச்சிறு செயலும் இரு நாட்டின் நட்பிற்கு நாம் செலுத்தும் பங்காகட்டும்.