சிறு கடைகளுக்கான பில்லிங் இயந்திரம்: விலைக்கு அப்பால் கணக்கிட வேண்டிய செலவுகள்

பெங்களூரு: கர்நாடகத் தலைநகர் பெங்களூருவில் 2025 ஜூலையில் பல பேக்கரிகள், தேநீர்க் கடைகளின் முகப்பிலிருந்து கியூஆர் குறியீட்டு அட்டைகள் அகற்றப்பட்டன. 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற அறிவிப்புகள் அங்கு ஒட்டப்பட்டன. 2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவுகளின் அடிப்படையில், ஜிஎஸ்டி பதிவு பெறாத சிறு வணிகர்களுக்கு மாநில வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியதே இதற்குக் காரணம்.

ஆண்டு விற்றுமுதல் பொருள் விற்பனையில் ரூ.40 லட்சத்தையும், சேவையில் ரூ.20 லட்சத்தையும் தாண்டினால் பதிவு கட்டாயம். வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவருக்கு இது பொருந்தாது. கணக்கில் வந்த தொகை முழுவதும் விற்பனை அல்ல, கைமாற்றும் உறவினர் அனுப்பிய பணமும் அதில் உண்டு என வணிகர்கள் முறையிட்டனர். பழைய வரி நிலுவை வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதல்வர் சித்தராமையா ஜூலை 23-இல் அறிவித்தார். எனினும், பொருள்வாரியான பில் இல்லாத கடைக்காரரால் விற்பனையையும் பிற வரவையும் பிரித்துக் காட்டுவது கடினம். பில்லிங் இயந்திரம் பலருக்குத் தேவையாகியிருப்பது இதனால்தான்.

தொடுதிரை, பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், பூட்டுடன் கூடிய கல்லாப்பெட்டி ஆகியவை ஒரு முறைச் செலவு. தேநீர்க் கடைக்கு இவை அனைத்தும் தேவையில்லை. கைபேசிச் செயலியும் சிறிய பிரிண்டரும் போதும். மென்பொருளின் ஆண்டுக் கட்டணம், காகிதச் சுருள், இணையம், பழுதுபார்ப்பு ஆகியவை தொடர் செலவுகள்.

பலரும் கவனிக்கத் தவறுவது அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம். யுபிஐ, ரூபே டெபிட் அட்டைகளுக்கு 2020 ஜனவரி முதல் கட்டணம் இல்லை. பிற டெபிட் அட்டைகளுக்கு, விற்றுமுதல் ரூ.20 லட்சம் வரை உள்ள கடையில் 0.40 சதவீதமும், அதற்கு மேல் 0.90 சதவீதமும் ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு. கிரெடிட் அட்டைக்கு இத்தகைய வரம்பு கிடையாது. அக்கட்டணம் 2 சதவீதம் என்றால், மாதம் ரூ.1 லட்சம் வசூலாகும் கடைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட ரூ.2,360 செலவாகும், ஆண்டுக்கு ரூ.28,320. சிறிய இயந்திரம் ஒன்றின் விலையையே இது விஞ்சக்கூடும்.

வழக்கமான முறையில் பதிவு பெற்றவர், இயந்திரம் வாங்கும்போது செலுத்திய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதல் ரூ.1.5 கோடி வரை உள்ளோருக்கான காம்போசிஷன் திட்டத்தில் இச்சலுகை இல்லை. அத்திட்டத்தில் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவும் கூடாது என்பதால், வரி காட்டாத பில்லை அச்சிடும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும்.

பொருள் பட்டியலைப் பதிவேற்றும் வேலைக்கும் தனியே தொகை ஒதுக்குவது நல்லது. பேக்கரியில் பிரெட்டுக்கு வரி இல்லை. கேக், பிஸ்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இத்தகைய மாற்றங்களை விற்பனையாளர் இலவசமாகச் செய்து தருவாரா என்பதை வாங்கும் முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறலாம்.

பதிவு பெற்றவர்கள், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். தெர்மல் காகிதத்தில் அச்சிட்ட எழுத்து அதற்குள் மங்கிவிடும். எனவே, சந்தாவை நிறுத்தினாலும் பழைய பில் விவரங்களைத் தரவிறக்க முடியுமா என்பது, விலையைக் கேட்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி.