ஃப்ளோரியோ, இக்னாசியோ (இளையவர்)

(1868–1957) பலெர்மோ தொழிலதிபர். 'லோரா' நாளிதழின் நிறுவனர். கொள்ளுப்பாட்டனார் பாவ்லோ அந்நகரில் நடத்திய மருந்துச் சரக்குக் கடையே குடும்பச் செல்வத்தின் விதை. பின்வந்தோர் காலத்தில் அது கப்பல், மர்சாலா ஒயின், ஃபவிஞ்ஞானா தீவின் சூரைமீன் பிடிப்பு எனப் பெருகியது. 1891இல் தந்தை மறைந்தபோது அத்தனையும் 22 வயது இக்னாசியோ கைக்கு வந்தன.

1900 ஏப்ரலில் 'லோரா' வெளிவந்தது. பெயருக்கு 'மணி', 'நேரம்' என்று பொருள். முதல் ஆசிரியர் வின்சென்சோ மொரெல்லோ, பால்சாக்கின் கதாபாத்திரமான 'ரஸ்தின்யாக்' பெயரில் எழுதியவர். தெற்கு இத்தாலியின் நலன் பேசிய ஏட்டில் கப்பல் தொழிலின் நலனும் கலந்திருந்தது. எது எந்த அளவு என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

ஏட்டின் அரசியல் பலம் தெளிவாகப் புலப்படுவது பலித்ஸோலோ வழக்கில். சிசிலி வங்கியின் முன்னாள் தலைவர் நொத்தார்பர்த்தோலோ 1893இல் ஓடும் ரயிலில் குத்திக் கொல்லப்பட்டார். கொலைக்கு ஏவியவர் என நாடாளுமன்ற உறுப்பினர் ரஃபாயேலே பலித்ஸோலோவை 1902இல் போலோஞ்ஞா நீதிமன்றம் தண்டித்தது. இது சிசிலிக்கே நேர்ந்த அவமானம் என்று கிளம்பிய 'ப்ரோ சிசிலியா' இயக்கத்துக்கு ஃப்ளோரியோவும் 'லோரா'வும் துணைநின்றனர். தீர்ப்பு ரத்தானது, 1904இல் ஃபுளோரன்ஸில் பலித்ஸோலோ விடுதலையானார்.

இதே காலத்தைச் சேர்ந்தது பலெர்மோ காவல்துறைத் தலைவர் எர்மானோ சாஞ்சோர்ஜி மாஃபியா பற்றி எழுதிய அறிக்கை. அதன்படி, 1897இல் ஃப்ளோரியோவின் ஒலிவுட்ஸா மாளிகையில் சில கலைப்பொருள்கள் களவு போயின. ஃப்ளோரியோ தம் தோட்டக்காரரைக் கடிந்துகொண்டார்; அந்தத் தோட்டக்காரர் அவ்வட்டார மாஃபியாத் தலைவரும்கூட. சில நாளில் பொருள்கள் திரும்பிவந்தன, ஒவ்வொன்றும் தான் இருந்த அதே இடத்தில். இதிலிருந்து ஃப்ளோரியோ மாஃபியாவின் கூட்டாளி என்பாரும், அக்காலச் செல்வர் எவருக்கும் இருந்த நிர்ப்பந்தமே இது என்பாரும் உளர்.

பின்னர் குடும்பம் நொடித்தது, ஏடும் கைமாறியது. ஃப்ளோரியோ 1957இல் காலமானார். அப்போது இடதுசாரி நாளேடாகியிருந்த 'லோரா', மறு ஆண்டு கோர்லியோனே மாஃபியா பற்றித் தொடர் வெளியிட்டது. 1958 அக்டோபர் 19 அன்று அதன் அச்சகத்தில் குண்டு வெடித்தது. ஏடு 1992 மே மாதம் நின்றது.