செங்கோலும் குழாயடியும்

2022 மார்ச் 4 காலையில் வாடிப்பட்டியில் பஸ் ஏறினேன். எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவும் உடன் வந்தார். ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துத் தல்லாகுளம் போனோம். அறிஞர் அண்ணா மாளிகையில் மதுரை மாநகராட்சியின் புதிய மேயர் அன்று பதவியேற்கிறார். கரைவேட்டிகள் நிறைந்த வளாகத்தில் ஓரமாக நின்றோம்.

“டீச்சர், மேயரம்மா வீட்டுக்காரரு யாரு?” என்றார் அக்கா.

எந்த ஊர்ப் பெண் தலைவரைப் பற்றியும் நாம் முதலில் கேட்பது இதைத்தான். ஆண் மேயரின் மனைவி யாரென்று யாரும் கேட்டதில்லை.

அன்று செங்கோல் ஏந்தியவர் இந்திராணி பொன்வசந்த். 1971இல் மாநகராட்சியான மதுரைக்கு, 2006இல் பொறுப்பேற்ற தேன்மொழி கோபிநாதனுக்குப் பிறகு கிடைத்த பெண் மேயர். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கைத் தந்தது. அதைப் பாதியாக உயர்த்தியது 2016இன் தமிழ்நாட்டுச் சட்டம். எந்தக் கட்சியும் விரும்பி விட்டுக்கொடுத்த நாற்காலிகள் அல்ல இவை. சட்டம் கட்டாயப்படுத்தியதால் வந்தவை.

பெண் கையில் செங்கோல் என்பது மதுரைக்குப் பழகிய காட்சிதான். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது. நான்கு மாதம் அவள் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் செங்கோல் சுந்தரேசுவரருக்குப் போய்விடும். மீதி எட்டு மாதமும் அவருடையது. அம்மனுக்கே மூன்றில் ஒரு பங்குதான் என்று வகுப்பில் சொல்வேன். மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள்.

ஆனால் இந்த நகரத்தில் பெண்ணின் உள்ளாட்சி அதிகாரத்தை எழுதும்போது நான் தொடங்க விரும்புவது செங்கோலில் அல்ல, வில்லாபுரத்துக் குழாயடியில். லீலாவதி கைத்தறித் தொழிலாளி. மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், மாதர் சங்கத்தில் இருந்தவர். பெண்களுக்கான இடஒதுக்கீட்டோடு 1996இல் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாநகராட்சிக் கவுன்சிலராக வென்றார். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த பகுதிக்கு மாநகராட்சிக் குழாய் கேட்டுப் போராடினார். குழாயில் தண்ணீர் வந்தால் சிலருக்கு வியாபாரம் போய்விடும். 1997 ஏப்ரல் 23 அன்று, பட்டப்பகலில், அவர் வாழ்ந்த பகுதியின் தெருவிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பதவியில் இருந்தது ஏறக்குறைய ஆறு மாதம்.

பெண்ணை நாற்காலியில் உட்காரவைக்க இந்தச் சமூகம் இப்போது பழகிவிட்டது. அங்கி போர்த்தும், மாலை போடும், படம் எடுக்கும். அந்த நாற்காலியில் இருந்தபடி அவள் ஒரு முடிவெடுத்து, அதனால் ஒருவனுடைய வரும்படி நிற்கும்போதுதான் சிக்கல் வருகிறது. லீலாவதி பெண்ணாக இருந்ததற்காக மட்டும் கொல்லப்படவில்லை. கவுன்சிலர் வேலையை உண்மையாகவே பார்த்ததற்காகக் கொல்லப்பட்டார். அடையாளத்துக்கு ஒரு பெண் என்ற இடத்தில் அவர் நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். அடுத்த மாதம் ஏப்ரல் 23 வந்தால் 25 ஆண்டு என்றேன். மடியில் கிடந்த நாரைச் சுற்றியபடி பேசாமல் கேட்டார். வாடிப்பட்டி நெருங்கும்போதுதான் வாய் திறந்தார்.

“மேயரம்மா தண்ணிக்கு என்ன செய்யப் போறாங்கன்னு சொன்னாங்களா, டீச்சர்?”

காலையில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அவரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.